கம்பு தொட்ட இடம்

"டீச்சர், ஒரு டவரோட வாயை எப்படி அடைக்கிறது?"

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் கேட்ட கேள்வி இது. செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

செண்பகவல்லி டீச்சர் தலையைத் தூக்கவில்லை. ஒரு ரிசீவர் பெட்டியை மல்லாக்கப் போட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. எந்த டவர்?"

"எங்க கன்ட்ரோல் ரூமுக்கு அடுத்த மனையில நிக்குதே, அந்த எஃப்.எம். ரேடியோ டவர்."

"அது என்ன செஞ்சுது?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க."

ஆவுடையப்பன் யார் என்று சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஊர். அந்த ஊரில் ஆயிரத்து நானூறு வீட்டு டி.வி.க்கு ஒரே கன்ட்ரோல் ரூமிலிருந்துதான் கேபிள் போகிறது. மாடியில் ஏழு டிஷ். கீழே அலமாரி நிறைய பெட்டிகள். இருபத்திரண்டு வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தாறு.

டீச்சருக்கு முப்பத்தைந்து இருக்கும். பாலிடெக்னிக்கில் நாலு வருஷம் பாடம் எடுத்தவர். பிள்ளைகளைவிடப் பெட்டிகள் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன என்று வேலையை விட்டுவிட்டு, தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை பிடித்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் கைவிரித்த பிறகு கேபிள்காரர்கள் ஏறுகிற படி அதுதான்.

தன்னைவிட இருபது வயது சின்னவரிடம் போய்க் கேட்பதா என்று ஆவுடையப்பன் ஏழு மாதம் யோசித்தார். இப்போது யோசிக்க நேரமில்லை.

"படம் கட்டங்கட்டமா உடையுது டீச்சர். சத்தம் கிறீச் கிறீச்சுங்குது. டிஷ் மூக்குல மாட்டுற எல்.என்.பி. நாலு மாத்தியாச்சு. கேபிளும் கனெக்டரும் புதுசு. உப்பும் கரியும் போட்டு எர்த் குழி தோண்டியாச்சு. டவர் பக்கமாத் தகரம்கூட அடிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுக்கும் அடங்கல."

"சரி."

"முதலாளி திங்கக்கிழமை வரைக்கும் கெடு வச்சிருக்காரு. அதுக்குள்ள சரியாகலைன்னா ஒரு பெரிய கம்பெனிக்கு லைனைக் கைமாத்திருவாராம். அவங்க ஆளை அவங்களே கொண்டுவருவாங்க. நான் வீட்டைப் பாக்கப் போக வேண்டியதுதான். எனக்கு வேற தொழிலும் தெரியாது."

டீச்சர் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார்.

"டவர் பேச ஆரம்பிச்சு எத்தனை மாசம்?"

"பதினொண்ணு."

"உங்க படம் உடைய ஆரம்பிச்சு?"

"ஏழு."

"நடுவுல நாலு மாசம் அது ஊமையா இருந்துச்சா?"

ஆவுடையப்பன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

"அப்புறமாப் பவரை ஏத்திட்டானுவ டீச்சர். கள்ளப் பயலுவ."

"அங்க வேலையில யாரு?"

"சவரிமுத்துன்னு ஒருத்தன்."

"பழக்கமா?"

"வந்த புதுசுல ஒண்ணாத்தான் டீ குடிப்போம்."

"இப்ப?"

"ஏழு மாசமாப் பேச்சுவார்த்தை இல்ல."

"அப்ப அவர்கிட்டப் போய் பவர் ரிஜிஸ்டரைக் கேட்டுப் பாருங்க. மணிக்கு மணி எழுதி வச்சிருப்பாரு. வெள்ளிக்கிழமை வாங்க. வரும்போது உங்க கம்ப்ளெயிண்ட் நோட்டையும் எடுத்துட்டு வாங்க."

"நானா? அவன்கிட்டயா?"

டீச்சர் மறுபடி பெட்டிக்குள் குனிந்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

டவர் வாசலில் சவரிமுத்து வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"வாரும். வழி தெரிஞ்சுதா?"

"ரிஜிஸ்டர் பாக்கணும்."

"எந்த ரிஜிஸ்டர்?"

"பவர் எழுதுவீருல்லா, அது."

இன்னொரு ஆளாக இருந்தால் "போவே" என்று சொல்லியிருப்பான். சவரிமுத்து நாற்காலியைத் தட்டிப் போட்டு, நாலு நோட்டையும் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு, எதிர்க்கடைக்குக் கை காட்டி ரெண்டு டீ சொன்னார்.

ஆவுடையப்பன் புரட்டினார். நீல மையில், மணிக்கு மணி ஒரே நம்பர். நேற்றும் அதே நம்பர். போன மாதமும் அதே. ஆயுத பூஜைக்கு முன்னாலும் அதே, பின்னாலும் அதே.

"போதுமா?" என்றார் சவரிமுத்து.

"ம்."

"கலெக்டருக்கு மனு போகுதாமே. டவரை எடுக்கச் சொல்லி."

ஆவுடையப்பன் நோட்டை மூடினார்.

"முதல் கையெழுத்து உம்ம கையெழுத்துன்னு சொன்னாங்க. நான் நம்பல."

டீ வந்தது. ஆவுடையப்பன் எழுந்துவிட்டார்.

"டீ ஆறுதுவே."

"இருக்கட்டும்."

வாசலைத் தாண்டியும் அவருக்கு முதுகு கூசியது. அதற்கும் சேர்த்து டவர் மேல்தான் கோபம் வந்தது.

*

"பாத்தேன் டீச்சர். பதினோரு மாசமும் ஒரே நம்பர்."

"அப்ப பவரை ஏத்தல."

"பொய் நோட்டு டீச்சர் அது. எந்த மனுஷனாவது பதினோரு மாசம் ஒரே நம்பரை எழுதுவானா?"

"உங்க நோட்டு?"

"இது நெசம். நானே எழுதினது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்ததா இல்லையா என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. அந்த அம்மா முகம் அப்படி.

கம்ப்ளெயிண்ட் நோட்டில் மட்டும் ஆவுடையப்பனைக் குறை சொல்ல முடியாது. எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை மணிக்குப் போன் வந்தது, காற்றா மழையா வெயிலா, எல்லாம் எழுதியிருப்பார். டீச்சர் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டினார்.

"மழை பெஞ்ச நாள்ல ஒரு போன்கூட வரலையே."

"மழைக்குப் பயந்து டவரை அமத்திருவானுவ."

"காத்து அடிச்ச நாள்ல எல்லாம் வந்திருக்கு."

"காத்துல தூக்கிக்கிட்டு வரும்லா."

"அமாவாசை கழிஞ்சு மூணு நாளைக்கு நோட்டு நிறையப் போன்தான்."

"அதை நானே கவனிச்சிருக்கேன் டீச்சர். அமாவாசைக்கு அங்க ஏதோ செய்யுதானுவ."

டீச்சர் காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"எல்லாத்துக்கும் உங்ககிட்டப் பதில் இருக்கு அண்ணாச்சி. அப்ப நான் எதுக்கு?"

ஆவுடையப்பன் நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாரேன்," என்றார் டீச்சர். "ஒரு மூங்கில் கம்பு எடுத்து வைங்க. ஆறடி இருக்கட்டும். நல்லாக் காஞ்சிருக்கணும்."

"மீட்டரு, மிஷினு எல்லாம் நீங்க கொண்டுவந்துருவீங்களா?"

"கம்பு போதும்."

*

சனிக்கிழமை அமாவாசை.

ஆவுடையப்பன் காலையிலேயே குளித்துவிட்டு மாடிக்கு ஏறினார். அங்கே ஒரு கட்டுக்கம்பி உண்டு. நடு டிஷ்ஷின் தூணில் ஒரு சுற்று, மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு சுற்று. அதில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருக்கும். எல்லாம் கண்ணேறுக்குத்தான். அமாவாசைக்கு அமாவாசை பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு கோப்பார். கம்பியை மட்டும் மாற்றுவதில்லை.

முதலில் ஒரு பழம்தான் கட்டினார். படம் மோசமாக மோசமாக மூன்றாக்கினார். நாளை மறுநாள் கெடு முடிகிறது. இந்தத் தடவை ஐந்து கோத்தார்.

பழத்தைக் குத்தி ஏற்றும்போது சாறு கம்பி வழியாக வழிந்து தூணில் இறங்கியது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, டவரைப் பார்த்து நின்றார்.

"போடே," என்றார். டவர் ஒன்றும் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் டீச்சர் வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு கட்டிங் பிளேயரும். அவ்வளவுதான். ஆவுடையப்பனுக்குப் பொசுக்கென்று போய்விட்டது. இதற்கா இத்தனை பேர் இந்த அம்மாவைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

"கம்பு?"

கொடுத்தார்.

"நீங்க கீழ டி.வி. முன்னால உக்காந்துக்கிடுங்க. நான் மேல ஒவ்வொண்ணாத் தட்டுவேன். தட்டும்போது படம் உடைஞ்சா ஆமான்னு சொல்லுங்க. உடையலைன்னா இல்லைன்னு சொல்லுங்க. வேற பேச்சு வேண்டாம்."

நல்ல வேளையாக அந்த நேரம் காற்றில்லை. உடையாமல் படம் நின்றது. ஆவுடையப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேலே டொக்கென்று சத்தம் கேட்டது.

"இல்ல," என்று படிக்கட்டைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

டொக்.

"இல்ல."

அது முதல் டிஷ் தூண் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அடுத்தது தகரம். அடுத்தது தண்ணீர்த் தொட்டி ஏணி. இருபத்திரண்டு வருஷமாகப் பழகின மாடி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

"இல்ல. இல்ல. இல்ல."

பத்து நிமிஷம் போனது. ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், நீங்க நம்மளோடதையே தட்டிக்கிட்டு இருக்கீங்க. டவர் பக்கம் தட்டுங்க."

"அது என் கைக்கு எட்டாது அண்ணாச்சி. நம்ம மாடியில நிக்கிறதைத்தான் தட்ட முடியும்."

டொக்.

"இல்ல."

அப்புறம் சத்தமே வரவில்லை. டொக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் டி.வி.யில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் நாலு துண்டாகப் போனது.

"ஆமா."

படம் சேர்ந்தது. மறுபடி உடைந்தது.

"ஆமா."

மறுபடி சேர்ந்து, மறுபடி உடைந்தது.

"ஆமா டீச்சர், அங்கதான். அங்கதான்."

ஸ்டூல் ஒரு பக்கம் உருண்டது. ஆவுடையப்பன் இரண்டிரண்டு படியாக ஏறினார். ஏழு மாதமாக அவர் தேடியது கிடைத்துவிட்டது. அந்தச் சவரிமுத்து சுவர் ஏறிக் குதித்து என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும்.

மாடியில் டீச்சர் கம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பின் நுனி கட்டுக்கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. ஐந்து எலுமிச்சம்பழமும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

"இது யாரு கட்டினது?"

"நான் கட்டினதுதான்," என்றார் ஆவுடையப்பன் பெருமையாக. "எங்க கண்டுபிடிச்சீங்க, அதைக் காட்டுங்க."

டீச்சர் கம்பை எடுக்கவில்லை.

"எதுக்குக் கட்டினீங்க?"

"டவர் கண்ணு நம்ம டிஷ் மேல பட்டுரக் கூடாதுல்லா."

"எப்ப கட்டினீங்க?"

"ஆயுத பூஜைக்கு."

சொல்லிவிட்டார். ஆனால் அவர் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி, சித்திரை. ஏழில் வந்து நின்றது.

டீச்சர் கம்பு நுனியைத் தூண் பக்கம் நகர்த்தினார். கட்டுக்கம்பி சுற்றியிருந்த இடம் செங்கல் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. நேற்று வழிந்த சாறு அதன் மேல் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

"துருப்பிடிச்ச ரெண்டு இரும்பு, இறுக்கிப் பிடிக்காம, விட்டு விலகாம, உரசிக்கிட்டே நின்னா இப்படித்தான் செய்யும். டவர் ஒண்ணு சொன்னா, அதை வாங்கிப் பத்தாத் திருப்பிச் சொல்லும். அது உங்க கேபிள்ல ஏறிரும்."

"காத்துக்கு ஆடும்," என்றார் ஆவுடையப்பன் மெதுவாக.

"ம்."

"மழையில நனைஞ்சா ஒட்டிக்கிடும்."

"ம்."

அமாவாசைக்கு அமாவாசை வழிந்த சாற்றைப் பற்றி அவர் சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. பையிலிருந்து பிளேயரை எடுத்து நீட்டினார்.

ஆவுடையப்பன் ரெண்டு முனையையும் நறுக்கினார். கீழே போய்ப் பார்த்தார்கள். பதினொன்றரைக்கு மலையிலிருந்து காற்று கிளம்பி ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்டது. படம் துளிகூட உடையவில்லை. கோவில் குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது.

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் டீச்சர். கண்ணு முன்னால தொங்கியிருக்கு."

"ம்."

"வெளிய சொல்லிராதீங்க. முதலாளி காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே என்னை அனுப்பிருவாரு. ஊரு சிரிச்சுரும்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்."

அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

பஸ் நிற்கிற இடம்வரை கூடவே போனார். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் அவசரமாகக் கேட்டார்.

"இனிமே இது மாதிரி வந்தா நான் என்ன செய்யணும் டீச்சர்?"

டீச்சர் மூங்கில் கம்பை அவர் கையில் கொடுத்தார்.

"தட்டிப் பாருங்க."

"எதை?"

"எதைத் தட்டினா உடையுதோ, அதை."

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

*

அறுத்தெடுத்த கம்பியைத் தூரப் போட ஆவுடையப்பனுக்கு வழியில்லை. கண்ணேறு கழித்ததை முச்சந்தியில்தான் போட வேண்டும். முச்சந்தியில் பட்டப்பகலில் ஆள் நடமாட்டம். கம்ப்ளெயிண்ட் நோட்டுக்கு அடியில், மேசை டிராயரில் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதலாளி தங்கப்பழம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மனு. கலெக்டர் மனு வாங்குகிற நாள் அல்லவா. கார் வாசலிலேயே உறுமிக்கொண்டு நின்றது.

உள்ளே வந்தவர் டி.வி.யைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னவே இது, கண்ணாடி கணக்கா இருக்கு."

"நேத்திலருந்து உடையல முதலாளி."

"காத்து அடிச்சுதே நேத்து."

"அப்பவும் உடையல."

முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீரா. மனு போடப் போறோம்னு தெரிஞ்சதும் சவரிமுத்து பவரைக் கொறச்சுட்டான். நான் அன்னைக்கே சொன்னேன், பயம் காட்டினாத்தான் அடங்குவானுவன்னு."

ஆவுடையப்பன் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சும்மா இருந்தால் போதும்.

"ஆனா விடக்கூடாதுவே. இன்னைக்குக் கொறைப்பான், நாளைக்கு ஏத்துவான். மனுவைக் கொடுத்தே தீரணும். சட்டையை மாத்திக்கிட்டு வாரும், நீரும் வாரீரு. பவரை ஏத்தினான், இப்பக் கொறச்சுட்டான், என் கண்ணால பாத்தேன்னு கலெக்டர் முன்னால ஒரு வார்த்தை சொல்லும். டெக்னீஷியன் சொன்னாத்தான் எடுபடும். அவனை வேலையை விட்டே தூக்கிருவாங்க."

"முதலாளி..."

"லைனைக் கைமாத்துற பேச்சே இனி இல்ல. நீரு இருக்கிற வரைக்கும் இந்த ரூம் உமக்குத்தான். போதுமா?"

போதும். ஏழு மாதமாக அவர் கேட்க ஏங்கியது அந்த ஒரு வார்த்தைதான். தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் முடிந்தது.

முதலாளி மனுவை மேசையில் விரித்து வைத்துப் பேனாவைத் தேடினார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து ஆவுடையப்பன் என்று முத்து முத்தாக இருந்தது. அவருக்கு எப்போதும் கையெழுத்து நன்றாக இருக்கும்.

டி.வி.யில் படம் உடையாமல் நின்றது. வெளியே காற்று இல்லை. மூங்கில் கம்பு மூலையில் சாத்தின இடத்தில் சாத்தினபடி இருந்தது.

ஆனாலும் ஆவுடையப்பனுக்கு உள்ளே எங்கேயோ டொக்கென்று கேட்டது.

இல்ல, என்று சொல்லிப் பார்த்தார்.

மறுபடி கேட்டது. ஆறிப்போன அந்த டீ ஞாபகம் வந்தது. நான் நம்பல என்று சவரிமுத்து சொன்னது ஞாபகம் வந்தது.

"ஆமா," என்றார் ஆவுடையப்பன்.

"என்ன ஆமா? கிளம்பும்வே."

ஆவுடையப்பன் டிராயரை இழுத்தார். நோட்டைத் தள்ளிவிட்டு, துரு உதிர்ந்த கட்டுக்கம்பியை ஐந்து எலுமிச்சம்பழத்தோடு எடுத்து, மனுவின் மேல், தன் கையெழுத்து இருந்த இடத்தில் வைத்தார்.

முதலாளி ஒரு அடி பின்னால் போனார்.

"என்னவே இது? டவர்காரன் வச்சானா?"

"நான் கட்டினது முதலாளி."